மூடியிருந்த சத்தம்

“தம்பி, இந்தச் சத்தம் முன்னாடியே இருந்துச்சா, இல்ல நீ கை வச்சப்புறம் வந்துச்சா?”

நான் வேலை செய்து கொடுத்த காடியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர் கேட்டார். முன்னாடியே இருந்தது அங்கிள் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

காடி, 1982 மெர்சிடிஸ் 240டி. அவருடைய அப்பா ஓட்டியது. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா நிற்கும்போதே நொடிக்கு 25 முறை வெடிக்கும். அந்த உதறலை எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டிங்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் அமுங்கி இறுகிப்போயிருந்தன. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கோடு கண்ணாடியும் நடுங்கும். ரப்பருக்குப் பதிலாக யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் மவுண்டிங் போடச் சொல்லி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் மறுத்தேன். அது கெட்டி; எஞ்சின் ஆடாது, ஆனால் நடுக்கம் நேராகப் பாடிக்கு ஏறிவிடும். ரப்பரே போட்டேன். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலில் வயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்தேன். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், எவ்வளவு தடித்த தகடும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள என் பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்ததும் அவர் முகம் மலர்ந்தது. கராக் ஹைவே போய்த் திரும்பியபோது அந்த மலர்ச்சி இல்லை. பின்னால் டிஃபரன்ஷியல், அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர், முனகுகிறதாம், முன்கதவில் காற்று சீறுகிறதாம்.

இரண்டையும் நான் தொடவே இல்லை. எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் அவை வருஷக்கணக்காகக் கிடந்தவை. மேலே மூடியிருந்தது போனதும் காதில் விழுகின்றன. விளக்கினேன். கதவு ரப்பரை மாற்றினால் சீறல் குறையும் என்றேன்.

“அதுக்கு எத்தனை வெள்ளி?”

அந்த நிமிடம் அவர் என்னைப் பார்த்த பார்வை! முதலிலேயே எச்சரித்திருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் வேலை தொடங்கும் முன்பே டிஃபரன்ஷியல், கதவு ரப்பர் என்று அடுக்கியிருந்தால் பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்றுதானே நினைத்திருப்பார்? பில்லில் எழுதிய வேலை சுத்தமாக முடிந்தது. அவர் கேட்டதோ அமைதி. நேற்று கேட்காத சத்தம் இன்று கேட்டால், அவர் காதுக்கு அது இன்று பிறந்ததுதான். அந்தக் காதோடு எப்படி வாதாடுவது?

இப்போது பழைய காடி வந்தால், வேலைக்கு முன் வாடிக்கையாளரை உட்கார வைத்து, ஆளில்லாத ரோட்டில், எஞ்சின் இரைச்சல் குறையட்டும் என்று நியூட்ரலில் கொஞ்ச தூரம் உருட்டிக் காட்டுகிறேன். “கேட்குதா?” என்பேன். பலர் ஒன்றும் இல்லையே என்கிறார்கள். அவர்கள் காடியில் கை வைக்கத் தயங்குகிறேன். வைத்தும் விடுகிறேன்.