லேபிளில் சேலம் என்றால் எந்தச் சேலம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. விலங்கியல் படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்குப் பட்டாம்பூச்சி, பறவை என்றுதான் பெரும்பாலும் போகிறார்கள். நான் நத்தையை எடுத்தேன். குளத்து நத்தை இல்லை, நிலத்தில் வாழும் நத்தை. "மழை வந்தா வேலியோரம் கெடக்குது, அதுல படிக்க என்ன கண்ணு இருக்கு?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். இந்தியாவில் பெயர் வைக்கப்பட்ட நில நத்தை இனங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தபோது கையில் இருந்த ஓடுகள் லண்டன், கேம்பிரிட்ஜ், கொல்கத்தா அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் இருக்கின்றன. அதனால் இந்த வேலையில் பாதி காட்டில், பாதி பழைய தாளில். காட்டு வேலையைச் சொல்லித்தர ஆள் உண்டு. தாள் வேலையைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டைப் போட்டோ எடுத்து நெட்டில் தேடி, ஒத்துப்போகிற படத்தின் பெயரை எழுதிவிடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஒருவர் தப்பாகப் போட்ட பெயரைப் பத்துப் பேர் எடுத்தாண்டிருப்பார்கள். அதற்குப் பதில் 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' வரிசையில் நில நத்தைகளுக்கான மூன்று தொகுதிகளை இறக்கிக்கொள்ளுங்கள். 1908இல் வந்தது பிளான்ஃபோர்டும் காட்வின்-ஆஸ்டினும் எழுதியது. 1914, 1921 இரண்டும் கூட் எழுதியவை. ஓட்டின் வாயை அடைக்க மூடி உள்ள நத்தைகள் 1921 தொகுதியில் இருக்கின்றன. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் எல்லாம் இலவசம். படத்துக்கு ஹான்லியும் தியோபால்டும் 1870 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'கான்காலஜியா இண்டிகா'. இன்றைக்கு அந்த இனம் எந்தப் பேரினத்தில் இருக்கிறது என்று பார்க்க மொலஸ்காபேஸ் என்ற இணையத் தரவுத்தளம்.

இந்த நூல்களில் ஒவ்வொரு இனத்துக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் அதுதான் வழிகாட்டி: அந்த நத்தையை முதலில் யார், எந்த ஆண்டு, எந்த இதழில், எந்தப் பெயரில் விவரித்தார்கள் என்று அதில் இருக்கும். அங்கே போய் மூல விவரணையைப் படியுங்கள். லத்தீனில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். டெஸ்டா என்றால் ஓடு, அன்ஃப்ராக்டஸ் என்றால் சுற்று, அபெர்ச்சுரா என்றால் வாய். இருபது முப்பது சொல் பிடிபட்டால் போதும், அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது லேபிள். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கலே இருக்கிறது.

பழைய ஓடுகளோடு இருக்கும் துண்டுச்சீட்டில் இடம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும். 'சேலம்' என்று இருந்தால் உடனே இன்றைய சேலம் மாவட்டத்தை மேப்பில் குறிக்காதீர்கள். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபரில். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். நடுவில் 1997இல் நாமக்கல் தனியாகப் போனது, கொல்லிமலையும் அதோடு போய்விட்டது. ஆக 1870இல் ஒருவர் 'சேலம்' என்று எழுதினால் அது ஏற்காடாக இருக்கலாம், அரூர் பக்கத்துச் சித்தேரியாக இருக்கலாம், பென்னாகரமாக இருக்கலாம், தேன்கனிக்கோட்டைக் காடாகவும் இருக்கலாம். சமவெளிப் புதரில் வாழும் நத்தையும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஈரச் சருகில் வாழும் நத்தையும் ஒரே 'சேலம்' லேபிளில் வரும்.

இதைத் தெளிய வைக்க, சேகரித்தவர் யார் என்று பிடியுங்கள். அன்றைய சேகரிப்பாளர்களில் பெடோம் பட்டாளத்துக்காரர், பிறகு சென்னை மாகாண வனத்துறையில் இருந்தவர். செடி, பாம்பு, நத்தை எதையும் விட்டுவைக்காத மனிதர். பிளான்ஃபோர்டு சகோதரர்கள் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர்கள். இவர்கள் எந்த மலைகளில் திரிந்தார்கள் என்று தெரிந்தால் லேபிள் பாதி பேச ஆரம்பிக்கும். ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'ஷெவராய்' சேர்வராயன் மலை என்பது எல்லோருக்கும் தெரியும். 'கோலமுல்லி' கொல்லிமலை, 'கால்ரியன்' கல்வராயன் மலை என்று சட்டென்று தோன்றாது. நத்தைகளின் இனப்பெயரிலேயே இந்த எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்டதால் நாம் திருத்தவும் முடியாது. லெ ஃபனு 1883இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெஸட்டியரும் கையில் இருந்தால் பழைய எழுத்துக்கூட்டல்களையும் தாலுகாக்களையும் சரிபார்க்கலாம். விலங்கியல் மாணவர் கெஸட்டியர் படிப்பதைப் பார்த்தால் நூலகரே ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

எவ்வளவு தேடியும் இடம் தெளியவில்லையா? 'பழைய சேலம் மாவட்டம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துங்கள். "கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முதல் பதிவு" என்று தலைப்பு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த நத்தை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஓசூரில் எடுக்கப்பட்டு 'சேலம்' என்ற பெயரில் இழுப்பறையில் கிடக்கலாம்.

இனி ஓட்டைப் பார்ப்பது. நுனி மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் வந்தால் டெக்ஸ்ட்ரல், இடப்பக்கம் வந்தால் சினிஸ்ட்ரல். நம் வலம்புரிச் சங்கை இப்படிப் பிடித்தால் வாய் இடப்பக்கம்தான் வரும், ஆகவே பெயரை நம்பிக் குறிக்காதீர்கள். அப்புறம் ஓட்டின் அடியில் உள்ள தொப்புள் குழி. திறந்திருக்கிறதா, உதடு (வாயின் விளிம்பு) அதை மூடியிருக்கிறதா என்பதை வைத்தே பல இனங்கள் பிரிகின்றன. அதில் மண் அடைத்திருந்தால் எல்லாமே மூடியதுபோலத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் எடுங்கள். பெரிதானதும் உதடு தடிக்கும் வகைகளில், உதடு தடிக்காத குட்டி ஓட்டுக்கு இனப்பெயர் தேடுவது வீண் வேலை.

அருங்காட்சியக ஓடுகளுக்கு ஒரு எல்லை உண்டு: அவற்றில் பெரும்பாலானவை காய்ந்த ஓடுகள், உள்ளே உடல் இல்லை. மூடி உள்ள நத்தைகளில் ஓட்டையும் மூடியையும் வைத்தே நிறைய தூரம் போகலாம். மூடி இல்லாத அரியோஃபான்டிடே குடும்பத்தில் அது நடக்காது. அதில் வழவழவென்று பழுப்பாக இருக்கும் மேக்ரோகிளாமிஸ் பேரினத்து ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்வது கடினம். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நத்தை உடலை நீட்டியபடி சாக வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, நத்தையைப் போட்டு மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் கொம்பெல்லாம் வெளியே நீண்டிருக்கும். பிறகு 70 சதவீத ஆல்கஹால், டி.என்.ஏ.வுக்குக் காலில் ஒரு துண்டு தனியாக 95 சதவீதத்தில். ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி ஓட்டையே அரிக்கும்.

காய்ந்த ஓட்டையும் மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவர் பெயரால் 'பைன் நோய்' என்கிறார்கள், கிருமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா மலிவு, போதுமானது.

காப்புக்காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி கட்டாயம், அது வர நாளாகும். மழைக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டு, அதுவரை பட்டா நிலங்களில் பழகுங்கள். வேலியோரத்தில் கிடைக்கும் கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ் என்ற நத்தையில் அளவெடுத்துப் பழகலாம். ஊருக்கு ஊர் பரவிவிட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தையையும் பாருங்கள். அதை 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் பென்சன்; இந்திய நத்தைகள் பலவற்றுக்குப் பெயர் வைத்த அதே பென்சன்தான்.

அருங்காட்சியகத்துக்கு மெயில் எழுதும்போது "சேலம் நத்தைப் படங்கள் எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் பதில் வருவது சந்தேகம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேட்டா போர்ட்டலில் பதிவெண்ணைத் தேடி எடுத்து, இந்த எண்ணுள்ள ஓட்டின் வாய், மேல், அடி மூன்று பக்கமும் அளவுகோலோடு வேண்டும், லேபிள் படமும் வேண்டும் என்று எழுதுங்கள்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வு எழுதுபவர்களுக்கு இது வீண் போகாது. லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் அலகில் வகைப்பாட்டியல் வருகிறது. பெயரிடும் ஆசிரியரே குறித்துவைத்த ஒற்றை மாதிரி ஹோலோடைப். அப்படிக் குறிக்காமல் விட்ட குவியல் சின்டைப். அந்தக் குவியலிலிருந்து பின்னால் ஒருவர் தேர்ந்தெடுப்பது லெக்டோடைப். எல்லாமே அழிந்துவிட்டால் நியோடைப். மனப்பாடம் செய்தால் குழப்பும் இந்த நான்கும், பெடோமின் ஓடுகள் இருக்கும் ஒரு தட்டின் படத்தைப் பார்த்தபின் மறக்காது. லிம்னியா நத்தையின் சுழல் திசையைத் தாயின் மரபணு தீர்மானிக்கிறது என்பதை மரபியல் அலகில் கேட்பார்கள்.

கடைசியாக, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே உங்கள் மாதிரிகளைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் ஒப்படைக்க வழி கேளுங்கள். ஊர், தாலுகாவோடு ஜி.பி.எஸ். அளவையும் உயரத்தையும் ஒவ்வொரு லேபிளிலும் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரையும். பதிவெண் கிடைத்ததும் ஆய்வேட்டின் அட்டவணையில் ஒவ்வொரு ஓட்டுக்கும் நேராக அதைப் போடுங்கள்.