முன்னால் போனால் திக்கும், ரிவர்ஸில் திக்காது

மார்ச் 3, ஞாயிறு

நான்கு மாதம் உறை போட்டு வைத்திருந்த வண்டியை இன்று வெளியே எடுத்தேன். 1984 மாடல், இரண்டே இருக்கை, நான்கு சிலிண்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங் நிமிடத்துக்கு 850 சுற்றில் அசையாமல் நின்றது. ஆனால் முதல் கியரில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் அரை நொடிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு ஒரு திக்கல், அப்புறம்தான் இழுவை.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். மெதுவாக மிதித்தால் திக்கவில்லை. இரண்டாவது கியரில் உண்டு, மூன்றில் கொஞ்சம், நான்கில் இல்லை. நியூட்ரலில் எவ்வளவு உறும விட்டாலும் சுத்தமாக ஏறுகிறது. எஞ்ஜின் சூடான பிறகும் அதே கதை. ஷெட்டுக்குள் ரிவர்ஸில் ஏற்றும்போது மட்டும் ஒரு தொல்லையும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

பழக்க தோஷம், முதலில் ஸ்பார்க் பக்கம்தான் கை போனது. பிளக் நுனிகள் வெளிர் பழுப்பு, பழி சொல்ல இடமில்லை. இருந்தாலும் புதிது வாங்கி, இடைவெளி 0.7 மில்லிமீட்டர் வைத்துப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், வயர்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் வேக்யூம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தேன். உள்ளே தகடு நகர்ந்து அப்படியே நின்றது. அதை இழுக்கும் டயாஃப்ரம் சவ்வு கிழியவில்லை.

திக்கல் போகவில்லை.

மார்ச் 9, சனி

பெட்ரோல் அழுத்தம். ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழற்றினால் 2.5 பார், மாட்டினால் ஐடிலிங்கில் 2 பார். இந்த வண்டிக்கு இருக்க வேண்டியதும் இதுதான். கேஜை வைப்பர் அடியில் செருகி ஒரு சுற்று ஓட்டினேன். திக்கும் நேரத்திலும் முள் கீழே விழவில்லை. பம்ப்பும் ஃபில்டரும் தப்பித்தன.

எஞ்ஜின் சூட்டைக் காட்டும் கூலன்ட் சென்சாரையும் அளந்தேன்: குளிர்ந்த எஞ்ஜினில் 2,500 ஓம் அளவு, சூட்டில் 300 பக்கம். சரி.

மார்ச் 10, ஞாயிறு

இன்று காற்று மீட்டர். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷனில் எஞ்ஜின் இழுக்கும் காற்று ஒரு கதவைத் தள்ளித் திறக்கும். கதவு எவ்வளவு திறந்தது என்பதைப் பார்த்துத்தான் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலை அளந்து விடும். சட்டென்று மிதித்தால் கதவு தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்துவிடும். ஆக்சிலரேஷனுக்கு வேண்டிய உபரி பெட்ரோல் அதில்தான் வருகிறது. கதவோடு நகரும் கம்பி உரசும் தடம் தேய்ந்திருந்தால் நடுவில் வோல்டேஜ் அறுந்து வண்டி திக்கும். நான் தேடிய நோய் இதுதான் என்று நம்பிவிட்டேன். டிஜிட்டல் மீட்டரில் அந்த அறுப்பு தெரியாமல் போகலாம் என்பதால் பழைய முள் மீட்டரைத் தேடி எடுத்து, கதவை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். முள் வெண்ணெய் போல ஏறியது, இறங்கியது.

அதோடு மூடியிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் சக்கரத்தில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு இரண்டு பல் தளர்த்தினேன். கதவு இலேசாகத் திறக்கும், பெட்ரோல் கூடும். திக்கல் பாதி குறைந்தது. பின்னால் பெட்ரோல் வாடை.

மார்ச் 16, சனி

மீட்டரின் அளவுக்கு வராத காற்று எங்கிருந்தாவது நுழைகிறதா? எஞ்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தேன். ஐடிலிங் தடுமாறி அணையப் பார்த்தது. இந்த வகை எஞ்ஜினில் அப்படித் தடுமாறினால்தான் நல்லது. ஏற்கெனவே பெரிய ஓட்டை இருந்தால் மூடி திறந்தது அதற்குப் பெரிதாக உறைக்காது. நண்பர் ஒருவரிடம் புகை போடும் கருவி இருந்தது. அதையும் மாட்டிப் பார்த்தோம். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் 3-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். ஸ்பார்க் பலவீனமாக இருந்தால் நான்காவது கியரில், குறைந்த வேகத்தில் முழுதாக மிதிக்கும்போதுதான் அதிகம் திக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் அங்கேதான் உச்சம். இங்கே தலைகீழ். முதல் கியரில் அதிகம், நான்கில் இல்லை, ரிவர்ஸில் இல்லை. கியர் சின்னதாக ஆக ஆக எது கூடும்? ரிவர்ஸில் எது திசை மாறும்? எஞ்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டில் சாயும் சாய்வு! காற்றுக் கசிவுக்கு நான் செய்த சோதனை எல்லாம் எஞ்ஜின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது செய்தவை.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். மகளை உட்கார வைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்குமாகப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சை நூலளவு விடச் சொன்னேன். நான் பக்கவாட்டில் நின்றேன், முன்னால் இல்லை.

"அப்பா, அணையப் போகுது!"

"போகட்டும்மா, அப்படியே பிடி."

எஞ்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கியது. காற்று மீட்டர் பாடியில் இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும் த்ராட்டில் எஞ்ஜினில். இரண்டையும் இணைக்கும் ரப்பர் குழாய் இழுபட்டு, அடிப்பக்க மடிப்பில் ஒரு வாய் திறந்தது. மூன்று விரல் அகலம் இருக்கும். கிளட்ச்சை மிதித்ததும் வாய் மூடிக்கொண்டது, தடவினால்கூடத் தெரியவில்லை. கதவைத் தாண்டி நுழையும் அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் கணக்கில்லை, அதனால்தான் திக்கல்.

இடது மவுண்ட்டின் ரப்பரும் ஆயிலில் ஊறிக் களியாகியிருக்கிறது. குழாயைக் கிழித்தது அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 23, சனி

புதுக் குழாய், இரண்டு பக்கமும் புது மவுண்ட். முதல் கியரில் எப்படி மிதித்தாலும் வண்டி உடனே பாய்கிறது. ஆனால் பெட்ரோல் வாடை அப்படியே இருந்தது. பிளக்கைக் கழற்றினால், இந்த மாதம்தான் போட்டது, கரி பிடித்திருக்கிறது. பெயின்ட் புள்ளியைப் பார்த்து இரண்டு பல்லையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். கழற்றிப் போட்ட பழைய மூடி, ரோட்டர், வயர்களை டப்பாவில் எடுத்து வைத்தாயிற்று. அவை நன்றாகத்தான் இருந்தன.