கைக்குட்டையை எடுத்த அந்தக் கணம்

இம்மலருக்கு எழுதும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் முந்திக்கொண்டு என் நினைவில் வந்து நின்றது, மேல்வகுப்பில் படித்த காலத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பறையில் பார்த்த திரைப்படம்தான்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் அன்று வீடியோ டெக் ஒன்றைக் கொண்டுவரச் செய்து '12 ஆங்கிரி மென்' படத்தைப் போட்டுக் காட்டினார். ரெஜினால்ட் ரோஸ் எழுதி, சிட்னி லூமெட் இயக்கி 1957இல் வெளிவந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞனின் உயிர் பன்னிரண்டு ஜூரிகளின், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட சாதாரணக் குடிமக்களின், கையில் இருக்கிறது; முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் அவனைக் குற்றவாளி என்கிறார்கள், ஹென்றி ஃபோண்டா நடித்த ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போம் என்கிறார். சண்டையும் பாட்டும் இல்லாத படத்தை ஒன்றரை மணிநேரம் எப்படிப் பார்ப்பது என்று முணுமுணுத்த நாங்கள், சற்று நேரத்தில் வாயடைத்துப் போனோம்.

அறையில் கடும் புழுக்கம். மற்றவர்களின் சட்டைகள் நனைந்திருக்க, நான்காம் ஜூரி மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கிறார். உங்களுக்கு வியர்ப்பதே இல்லையா என்று ஒருவர் கேட்க, இல்லை என்று அமைதியாகச் சொல்கிறார். கொலை நடந்த இரவில் பார்த்த படத்தின் பெயர் அந்த இளைஞனுக்கு நினைவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தவர்; பிற்பாடு, சில நாள்களுக்கு முன் அவரே பார்த்த படத்தைப் பற்றி ஃபோண்டா ஒவ்வொன்றாகக் கேட்க, பெயரைத் தவறாகச் சொல்லி, நடிகர்களும் நினைவுக்கு வராமல் தடுமாறுகிறார். அப்போது கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்கிறார். அதைப் பற்றி அந்த அறையில் எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆசிரியர் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் காட்டிவிட்டு, "பிள்ளைகளே, இதில் எழுத்து எங்கே முடிகிறது, நடிப்பு எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டார். முன்னரே போட்டுவைத்த ஒரு வரி எழுத்தாளருடையது, வியர்வையைக் காட்டிக்கொள்ள விரும்பாத அந்தக் கை இ. ஜி. மார்ஷல் என்ற நடிகருடையது என்று பிரித்துச் சொல்ல முயன்றோம்; முடியவில்லை. நல்ல திரைக்கதை நடிகர் பேசாமல் இருப்பதற்கும் இடம் வைத்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதுமுதல் எந்தப் படத்திலும் பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. கேட்கத் தெரியாத நடிகர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் என் மனம் அவரிடம் போவதில்லை.

அந்தக் கண்ணோடுதான் பிற்காலத்தில் நம் மொழிப் படங்களையும் தேடினேன். பாடலே இல்லாமல் 1954இல் வந்த 'அந்த நாள்', சிவாஜி கணேசனின் பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுவதிலிருந்து தொடங்குகிறது, எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தின் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். அதைவிட எனக்கு நெருக்கமானது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பேத்தி கட்டும் வீட்டை, அது முடியும் முன்பே போய்ப் பார்க்கும் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் நடந்து வருகிற காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை. அந்த முதியவரின் நடையும் முகமும் போதுமாக இருக்கின்றன. அக்காட்சியை நானும் பலமுறை பின்னுக்கு ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஆசிரியர் எங்களைக் கடைசி வரை எழவிடவில்லை. தீர்ப்பு முடிந்து, நீதிமன்றப் படிகளில் ஜூரிகளில் ஒருவரான முதியவர் ஃபோண்டாவை அழைத்துப் பெயர் கேட்கிறார். டேவிஸ் என்கிறார் அவர், மக்கார்டில் என்கிறார் இவர். பன்னிரண்டு பேரில் எவருடைய பெயரும் எங்களுக்கு அதுவரை தெரியாது என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.