புள்ளியைவிடச் சின்ன வள்ளம்

2020 மார்ச்சில் கல்லூரியை மூடியதும் குளச்சல் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். முதுகலையில் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தையும் கடலையும் அறியும் துறை) படித்துக்கொண்டிருந்த நேரம். அப்பா தன் சின்ன நாட்டுப்படகான வள்ளத்தைக் கரையேற்றி, வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா மீன் சுமக்கிற சருவம் அடுக்களை வாசலில் கமத்தி வைத்தபடியே கிடந்தது. கொரோனா எங்கள் தொழிலை எத்தனை நாள் முடக்குகிறது என்று வானத்திலிருந்து எண்ணிப் பார்க்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் யாருக்கும் இலவசம். 5 நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் வரும். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஓடுகிற படகு என்றால் பின்னால் வால் மாதிரி ஒரு நுரைக்கோடு. ஏப்ரல் தொடக்கத்துப் படங்களில் அந்தக் கோட்டைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

சின்னமுட்டம் துறைமுகம்தான் என்னைத் திணறடித்தது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை நிறுத்தி வைக்கும் தடைக்காலம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. 2020இல் தடையை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். கிழக்கில் ஏப்ரல் 15 முதல் மே 31 வரை, மேற்கில் ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை. அப்படியானால் மே மாதம் சின்னமுட்டத்தில் விசைப்படகு கட்டிக் கிடந்தால் அது எந்த வருஷமும் உள்ள தடை. அதே நாள் குளச்சலில் கட்டிக் கிடந்தால் அது வேறு கதை. இது தெரியாமல் படத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்.

நேரமும் சிக்கல்தான். சுவோமி என்பிபி செயற்கைக்கோள் நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில் கடல்மேல் எரியும் விளக்குகளைப் பிடிக்கும். சின்னமுட்டம் படகுகள் அதற்குள் கரை திரும்பிவிடும். தங்குகடல் போகிற, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற படகுகளின் விளக்குதான் அதில் விழும், அதுவும் நிலாவும் மேகமும் இல்லாத இரவாக இருந்தால். ஜூனில் மழை பிடித்தால் பகல் படமும் முழுக்க மேகம்.

ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்று, "மக்களே, நம்ம வள்ளம் எங்க?" என்று கேட்டார்.

என்னால் காட்ட முடியவில்லை. முப்பதடி நீளம், ஆறடி அகலம். ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கி, மணலோடு மணலாகிவிட்டது. சரி, பெரிதாகவே தெரிந்தாலும் என்ன பயன்? எங்கள் கரை வள்ளங்கள் இருட்டோடு போய், விடிந்ததும் ஏலத்துக்கு வந்துவிடும். பத்தரை மணிக்கு நல்ல பாடு (மீன்வரத்து) கிடைத்த நாளிலும் மணலில்தான் கிடக்கும், கடலுக்கே போகாத நாளிலும் மணலில்தான் கிடக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுதான். கொரோனாவில் மீன்பிடிப்பு இவ்வளவு குறைந்தது என்று படத்தை மட்டும் வைத்துப் போடுகிற கணக்கில் எங்கள் அப்பா இல்லை, எங்கள் தெரு இல்லை. இது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அப்புறம்தான் அப்பாவின் ஏலக்கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. சுய ஊரடங்கு வந்த மார்ச் 22க்குப் பிறகு வெறும் தாள். ஏப்ரலில் நாட்டுப்படகுகள் போகலாம் என்று விட்டபின் மறுபடி எழுத்து தொடங்குகிறது. ஆனால் ரூபாய் எழுத வேண்டிய இடத்தில் "ஐஸ் இல்லை" என்று இருக்கிறது. மறுநாள், "வண்டி வரவில்லை." இன்னொரு நாள், "சாளை நல்ல பாடு. ஏலம் இல்லை. வீடுகளுக்குக் கொடுத்தது." பஸ் ஓடாததால் அம்மா அந்தச் சாளை மீனில் கொஞ்சத்தைத் தலையில் வைத்து நடந்தே விற்றுவிட்டு வந்த நாள் அது. வந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது தேதி வாரியாக இடப்பக்கம் செயற்கைக்கோள் படம், வலப்பக்கம் நோட்டுத்தாள் என்று சேர்த்து வருகிறேன். இதுவரை நாலு வீட்டு நோட்டு கிடைத்திருக்கிறது. ஒன்று வள்ளத்திலேயே இருந்ததால் பாதி எழுத்து உப்புத்தண்ணீரில் ஊறிப் போயிருக்கிறது. அதை வெயிலுக்கு நேரே பிடித்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.