நாலு மணிக்கு லாரி வரும்

அக்டோபர் 6, 2025, கோத்தகிரி

கோவை போய் வந்தோம். என் வீட்டுக்காரரின் அல்சைமர் மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை அதே அளவில் தொடரும். இந்த முறை டாக்டர் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்து, வீட்டுக்காரர் பதற்றப்படும்போதெல்லாம் எழுத வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அப்புறம் நாங்கள் என்ன செய்தோம். "காரணம் இல்லாம கோபம் வராதுங்க. அவரால சொல்ல முடியலை, அவ்வளவுதான். நீங்கதான் தேடிப் பிடிக்கணும்" என்றார்.

வீட்டுக்காரருக்கு 53 வயது. தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை வாங்கும் இடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். எடைக் கணக்கு தப்ப ஆரம்பித்தபோது குடி என்றார்கள், அப்புறம் மனக்கவலை என்றார்கள். தைராய்டு, பி12, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்து நோயின் பெயர் தெரிவதற்குள் வேலை போய்விட்டது. "அல்சைமரா, இந்த வயசிலயா?" என்று இன்னும் கேட்கிறார்கள். 1901இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டாக்டர் அல்சைமர் பார்த்தாரே, அந்த முதல் நோயாளி அகுஸ்தே டீட்டர், அந்த அம்மாளுக்கு அப்போது வயது 51தான்.

அக்டோபர் 10

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், விடியற்காலையில். கோத்தகிரியில் விடியற்காலை என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்கும். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் வெயில் வந்தபிறகு எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறோம். ஏற்றத்தில் அவர் விறுவிறுவென்று போகிறார், மூச்சு வாங்குவது எனக்கு. எண்பது வயதுக்காரருக்கு வரும் நோய் ஐம்பதில் வந்தால் உடம்பு மட்டும் திடமாகவே இருக்கும். அந்தத் தெம்புக்கு ஒரு வழி விடாவிட்டால் வீட்டில் ரகளைதான். நடந்த நாளில் இரவு தூங்குகிறார். நடக்காத நாளில் பகலெல்லாம் கண்ணயர்ந்துவிட்டு, ராத்திரி தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்: "அண்ணி, சாப்பாட்டை மாத்தினா இந்த நோயே திரும்பிப் போயிடுமாம்." தேடிப் படித்தேன். ஃபின்லாந்தில் ஃபிங்கர் ஆய்வு, 2015இல் வெளிவந்தது. 1260 பேர், இரண்டு வருடம், சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு. பலன் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் எல்லாம் 60 தாண்டியவர்கள், நோய் இன்னும் வராதவர்கள். 2024இல் அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷின் குழு ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களை வைத்தே செய்திருக்கிறது: எண்ணெய் குறைத்த மரக்கறிச் சாப்பாடு, நடை, தியானம், கூடிப் பேசுவது. சிலருக்கு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. 51 பேர், 20 வாரம். இதை நம்பி நடக்கலாம், நிலத்தை விற்க முடியாது. கொழுந்தனார் சொன்ன வல்லாரைத் துவையலை மட்டும் அரைக்கிறேன், அது ருசிக்காக.

அக்டோபர் 16

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதற்றம் பெரும்பாலும் நாலு மணியை ஒட்டியே வருகிறது. பொழுது சாயும்போது இந்த நோய்க்காரர்கள் பலருக்கு இப்படி ஆகும் என்பதால் விளக்கையெல்லாம் முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். ஆனால் மேகம் மூடினால் இங்கே இரண்டு மணிக்கே இருட்டு. அப்போதெல்லாம் சும்மாதான் இருக்கிறார். நாலு மணிக்கு மேலே வளைவில் இலை லாரி ஹாரன் அடிக்கிறது. முதல் பத்தியில் அடிக்கடி வருவது அதுதான். "வண்டி வந்திருச்சு, எடை போடணும்" என்று செருப்பைத் தேடுகிறார். "உனக்குத்தான் இப்ப வேலை இல்லையேப்பா" என்று அத்தை சொல்வார். உடனே கத்தல்.

நேற்று மூன்றரைக்கே பின்பக்கச் செடிகளில் ஒரு கூடை இலை பறித்து வந்து மேசைமேல் கொட்டினேன். ஹாரன் கேட்டது. "என்னங்க, இந்த இலை எப்படின்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். உட்கார்ந்தார். ஒரு கைப்பிடி அள்ளினார். இரண்டு இலையும் மொட்டும் இடப்பக்கம், முற்றல் வலப்பக்கம். சந்தேகம் வந்தால் காம்பை மடக்கிப் பார்க்கிறார். பட்டென்று ஒடிந்தால் இடப்பக்கம் போகும், நார் இழுத்தால் வலப்பக்கம். விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. மகள் பெயரை யோசித்துச் சொல்கிற அதே மனிதர்தான். "பாதிக்குப் பாதி முற்றல். விலை குறைச்சுத்தான் போடணும்" என்று தீர்ப்பும் சொன்னார். லாரி போனதை அவர் கவனிக்கவே இல்லை.

கை பழகிய வேலை மற்ற நினைவுகளைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூளைப் பயிற்சிக்கென்று வாங்கிய சுடோகுப் புத்தகம் அலமாரியில் கிடக்கிறது. அதில் ஒவ்வொரு முறையும் தோற்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிகிறது. யாருக்குத்தான் பிடிக்கும்? சிகிச்சை அவருக்கு என்கிறார்கள், ஆனால் மாறவேண்டியது வீட்டில் மற்றவர்கள்தான். அத்தையிடம் "இல்லை" என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுபத்தெட்டு வயதில் அவர் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. ஜன்னலை அடைத்து, பழைய பாட்டு போட்டு, தப்பித்தோம்.

நவம்பர் 2

பாப்பா காலேஜிலிருந்து வந்திருக்கிறாள். வாசல் கறுப்பு மிதியடிக்கு முன்னால் அப்பா நின்றுவிடுவதை அவள்தான் கவனித்தாள். அது அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிகிறதாம். கண்ணில் கோளாறு இல்லை, பார்த்ததைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். மிதியடியை எடுத்துவிட்டோம். படிக்கட்டு விளிம்புகளில் மஞ்சள் பெயிண்ட் அடித்தாள்.

ராத்திரி அடுப்படியில், "எனக்கும் வருமாம்மா?" என்றாள். எதிர்பார்த்த கேள்விதான். பிரெசெனிலின் போன்ற சில மரபணுக்களில் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் இளவயதில் நோய் வருபவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அந்தக் கோளாறு கிடையாது. அப்பா வழியில் முன்னால் யாருக்கும் வந்ததில்லை. சோதனை வேண்டுமென்றால் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றேன். "சரி" என்றாள். அப்புறம் பாத்திரத்தை எல்லாம் அவளே தேய்த்தாள்.

நவம்பர் 8

கீழ்த் தெருவில் இலை ஏஜென்ட் அண்ணனிடம் பேசினேன். சிறு விவசாயிகள் இலை கொண்டுவரும் கொட்டகையில் இவரைத் தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஒப்புக்கொண்டார். எடையும் காசும் அவர் பொறுப்பு, இலை பார்ப்பது மட்டும் இவர். "சும்மா வேண்டாம் தங்கச்சி, ஏதாச்சும் தர்றேன்" என்றார். பணத்தை என்னிடம் தராமல் இவர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். திங்களிலிருந்து ஆரம்பம். நானும் கூடப் போவேன், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த வாரம் கோவை. கேட்க வேண்டியது: ராத்திரி மாத்திரை போட்டால் கெட்ட கனவு கண்டு அலறுகிறார், காலைக்கு மாற்றலாமா? நோட்டையும் எடுத்துப் போக வேண்டும்.