துனாரின் வலது க்ளிக் மெனுவில் சொந்தக் கட்டளைகள்

லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு வரும் ஃபைல் மேனேஜர் துனார். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) திரும்பத் திரும்ப அடிக்கும் சில கட்டளைகளை அதன் வலது க்ளிக் மெனுவில் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். எடிட் மெனுவில் 'கான்ஃபிகர் கஸ்டம் ஆக்‌ஷன்ஸ்' இருக்கிறது. பெயர், ஐகான், கட்டளை கொடுத்தால் சேர்ந்துவிடும்.

ஃபைல் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஆங்கில எஃப் எழுத்தும் போட வேண்டும். சின்ன எஃப் என்றால் ஒரே ஃபைல், பெரிய எஃப் என்றால் தேர்ந்தெடுத்தவை அத்தனையும். சின்ன எஃப் போட்ட கட்டளை, பல ஃபைல்களைத் தேர்ந்தெடுக்கும்போது மெனுவில் தலையே காட்டாது. கோளாறு என்று தேட வேண்டாம், அதன் ஏற்பாடே அப்படி.

முதலில் படங்களைச் சிறிதாக்க, இமேஜ்மேஜிக் என்ற படக் கருவித் தொகுப்பின் மோக்ரிஃபை கட்டளை. இது மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும் ரகம். வேறு ஃபோல்டரில் போடச் சொல்லலாம்தான், ஆனால் அந்த ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். ஆக, ஃபோல்டரை உருவாக்கும் எம்கேடிர் ஒன்று, மோக்ரிஃபை ஒன்று என இரண்டு கட்டளைகள். இங்கேதான் விஷயம் இருக்கிறது: துனார் கட்டளையை ஷெல்லிடம் (டெர்மினலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) கொடுப்பதில்லை, நேரடியாக ஓட்டுகிறது. கட்டளைகளை இணைக்கும் இரட்டை ஆம்பர்சேண்ட் (&&), பைப் (|) எதற்கும் அங்கே அர்த்தம் கிடையாது. பாஷ் என்ற ஷெல்லை பாஷ் மைனஸ் சி (bash -c) என்று கூப்பிட்டு, கட்டளைகளை மேற்கோள் குறிகளுக்குள் சுற்றலாம். எனக்கு அது கண்ணுக்கு வேதனை. தனி ஸ்கிரிப்ட்டாக எழுதி, மெனுவிலிருந்து அதைக் கூப்பிடுவதே சுத்தம். பெயரில் இடைவெளி உள்ள ஃபைல்களுக்காக, ஸ்கிரிப்ட்டுக்குள், வந்து சேரும் ஃபைல் பெயர்கள் அத்தனையையும் குறிக்கும் $@ என்பதை இரட்டை மேற்கோளில் வைத்துவிட வேண்டும்.

அடுத்து ஷா-256 செக்சம், அதாவது இறக்கிய ஃபைல் மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் மதிப்பு. டெர்மினல் திறக்காததால் விடை எங்கும் தெரியாது. நோட்டிஃபிகேஷனில் காட்டலாம், ஆனால் 64 எழுத்துகளை யார் கண்ணால் ஒப்பிடுவது? ஸ்கிரிப்ட்டிலிருந்து உரையாடல் பெட்டிகளைக் காட்டும் ஸெனிட்டி மூலம் ஒரு பெட்டி திறந்து, ஃபைலை இறக்கிய தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்பை ஒட்டச் சொல்லி, ஸ்கிரிப்ட்டையே ஒப்பிட வைத்தேன். இதுவரை சேர்த்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்.

'அப்பியரன்ஸ் கண்டிஷன்ஸ்' டேபையும் விடாதீர்கள். படக் கட்டளை படங்களுக்கு மட்டும், செக்சம் ஐஎஸ்ஓ ஃபைல்களுக்கு (டிஸ்க்கின் முழு நகல்) மட்டும் என்று கட்டுப்படுத்தாவிட்டால் மெனு வால் மாதிரி நீண்டுவிடும். எல்லாம் கான்ஃபிக் ஃபோல்டரில் யுசிஏ என்ற ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் சேமிக்கப்படுகிறது. அதற்கும் ஒரு பேக்கப் எடுத்தாயிற்று.

அப்புறம், வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி-வீடியோ கருவியால் பிரிப்பது பாக்கி. மறு என்கோடிங் இல்லாமல் எடுப்பதென்றால் ஒலி வடிவத்தைப் பொறுத்து, ஏஏசிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், ஓபஸுக்கு வேறொன்று. ஃபைலுக்குள் என்ன வடிவம் இருக்கிறது என்று சொல்லும் எஃப்எஃப்புரோபைக் கேட்டு முடிவெடுக்கும்படி ஸ்கிரிப்ட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.