மூன்றாவது காது

எங்கள் பாடசாலையில் எனக்கு நியமனக் கடிதத்தில் உள்ள வேலை கர்நாடக சங்கீதம் கற்பிப்பது. நேரசூசியில் தமிழ் இலக்கிய நயமும் என் பெயரில்தான் இருக்கிறது. கிழக்கிலங்கையில் அம்பாறைக் கரையோரத்துப் பாடசாலைகளில் இது புதினமில்லை. ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், அந்தப் பாடம் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் தலையில் விழும். காலையில் சரளி வரிசை, இடைவேளைக்குப் பிறகு சங்கப் பாடல், பின்னேரம் தமிழ்த் தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்கம். கோயிலில் கச்சேரி இருந்தால் இரவில் வயலினைத் தூக்கிக்கொண்டு போவேன். அங்கும் இங்கும் இப்படி ஓடியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா இடத்திலும் நான் திருத்துவது கிட்டத்தட்ட ஒரே சிக்கலைத்தான். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடம் வந்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

உரையாடல் எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். "அம்மா, கடலுக்குப் போன அப்பா நேற்று இரவே வருவதாகச் சொன்னாரே, இன்னும் வரவில்லையே, எனக்குக் கவலையாக இருக்கிறது." எந்த மகள் தாயிடம் இப்படிப் பேசுவாள்? இருவருக்கும் தெரிந்த சங்கதி. வாசிக்கிறவருக்குத் தெரியாதே என்ற பயத்தில் அந்த மகள் தாயை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறாள். பிறகு ஒரு நாள் ஒரு மாணவி இதை எழுதிக்கொண்டு வந்தாள்:

"சோறு போடவா?"
"அப்பாட பங்கை மூடி வை."
"மூடித்தான் இருக்கு. நேத்தையிலயிருந்து."

வாசித்து முடித்ததும் பின்வாங்கில் இருந்த ஒருவன், "அப்பா கடலுக்குப் போனவரா சேர்?" என்று கேட்டான். இதில் கடலே இல்லையே, எப்படித் தெரியும் என்றேன். "மறுகா எங்க போயிருப்பார்?" என்றான். அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசினார்கள், அவன் அதைக் கேட்டுவிட்டான். அவ்வளவுதான் வித்தை.

தொல்காப்பியம் இதை எப்போதோ பேசி முடித்துவிட்டது. செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. எழுத்து, அசை, சீர் என்று போகும் அந்த வரிசையில் கூற்று வருகிறது, அதை அடுத்து கேட்போர் வருகிறார்கள். சொல்லாமல் விட்டதற்கும் எச்சம் என்று ஓர் இடம் உண்டு. கேட்கிறவர் கவிதைக்கு வெளியே நிற்கும் ஆள் இல்லை, அதன் உறுப்பு. பாடம் நடத்தும்போது பெரும்பாலும் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஒரு தவணை முழுவதும் இதிலேயே நிற்கலாம் என்று தோன்றும்.

சங்க அகப்பாடல்களில் 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று வரும் குறிப்பைப் பாருங்கள். தோழி தலைவியிடம்தான் பேசுகிறாள். ஊர் உறங்கவில்லை, நிலவு காய்கிறது, காவலர் விழித்திருக்கிறார்கள் என்கிறாள். தலைவிக்கு இதெல்லாம் தெரியாதா? வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத்தான் செய்தி போகிறது: இரவில் வந்து போனது போதும், கலியாணத்துக்கு வழி பார். வகுப்பில் இதை விளக்கப் பெரிய பாடு ஒன்றும் இல்லை. மருமகளுக்குக் கேட்கட்டும் என்று மாமி பூனையை ஏசுவதைப் பார்க்காத பிள்ளை இந்தக் கரையில் கிடையாது.

கூத்துப் பழக்கத்துக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஓர் அண்ணாவியாரை, அதாவது கூத்து ஆசிரியரை, அழைத்திருந்தோம். கிருஷ்ணன் தூது. சபையில் கிருஷ்ணனும் துரியோதனனும் மாறி மாறித் தருவில், அதாவது கூத்துப் பாட்டில், வாதாடும் இடம். பிள்ளைகள் இருவரும் நல்ல குரல்காரர், தாளம் பிசகவில்லை, ஆனால் பார்க்கச் சப்பென்று இருந்தது. நான் குரலைக் கூட்டச் சொல்லிப் பார்த்தேன். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டுத் துரியோதனனைக் கூப்பிட்டார். "மனே, நீ அவனுக்கா பாடுறாய்? அவனுக்குத்தான் கதை தெரியுமே, இவ்வளவு நாளும் உன்னோட பழகினவன். அந்தா, அந்த வேம்புக்குக் கீழ ஒரு கிழவி பாய் விரிச்சுப் படுத்திருக்கா எண்டு நினை. அவ எழும்பி இருக்கோணும்."

பிறகு அவரே ஆடிக் காட்டினார். கால் எதிரியை நோக்கிப் போகிறது, கை எதிரியைச் சுட்டுகிறது, முகமும் குரலும் மட்டும் வெளியே திறந்திருக்கின்றன. தருவின் கடைசி அடியைப் பாடிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். பிற்பாட்டுக்காரப் பிள்ளைகள் அந்த அடியை வாங்கிப் பாடினார்கள். அவர்கள் பாடி முடிக்கும்வரை கிருஷ்ணன் வாய் திறக்க முடியாது. சொன்ன ஏச்சு கூத்தாடும் களரியைச் சுற்றி ஒருமுறை போய் எல்லார் காதிலும் இறங்கிய பிறகுதான் மறுமொழி. பிற்பாட்டு என்பது கூத்தர் மூச்சு வாங்குவதற்கான ஏற்பாடு என்று பலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி வேலை கேட்கிறவருக்கு நேரம் கொடுப்பது. நிசச் சண்டையில் யாரும் இந்த அவகாசத்தைத் தருவதில்லை, தந்தால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

மட்டக்களப்பின் வட்டக்களரியில் நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சபையோரும், அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர், அதற்கும் வெளியே நாலு பக்கமும் சனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கிறவர் இருக்கிறார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது விடிய விடிய நடந்தது சுருங்கியது, சனமும் ஒரே பக்கத்துக்கு வந்தது. அதனால் கூத்துக்கு ஒரு புது உயிர் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடசாலை மேடையில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று பக்கமும் திரைச்சீலை. சினிமாவில் பார்த்தபடி ஒருவரையொருவர் பார்த்து நின்றுவிடுகிறார்கள்.

கச்சேரிக்கு வருகிறேன். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வயலின்காரனுக்கு வில்லை மடியில் வைத்துவிட்டுப் பாடகரோடு சேர்ந்து தாளம் போடும் வேலை. சிலர் அந்த நேரத்தில் சுருதிப்பெட்டியைத் திருகுவதும் தேநீர் குடிப்பதுமாக இருப்பார்கள். எனக்குக் கச்சேரியில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். ஒரு கோயில் திருவிழாவில் மிருதங்கம் இளம் பொடியன், கடம் வாசித்தவர் பகலில் வங்கியில் வேலை செய்யும் நடுவயதுக்காரர். ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டு எண்ணிக்கை. இருவரும் மாறி மாறி வாசித்து, அளவைச் சுருக்கிக்கொண்டே போகும் குறைப்புக்கு வந்தார்கள். முதலில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, பிறகு அரை. அரை என்றால் நான்கு எண்ணிக்கை. பொடியன் அந்த நான்குக்குள் நாற்பது சொல்லை அடைத்தான். விரல் பறந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடக்காரர் எடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார், பிறகு ஒன்றுமே இல்லை, நான்காவது எண்ணிக்கை முடியும் தறுவாயில் பானையின் வாயை வயிற்றோடு அணைத்து ஒரு 'கும்'. முன்னால் மணலில் இருந்த சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் பொடியன் வாசித்த நாற்பதும் அவர்கள் காதில் மறுபடி ஓடியிருக்க வேண்டும். பொடியன் நிமிர்ந்து சனத்தைப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் கடத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை அவனும் ஓர் இடைவெளி விட்டான். தனியை முடித்துவைக்கும் மோராவும் கோர்வையும் முடிந்து பல்லவிக்கு வந்தபோது தாளம் போட்ட என் தொடை சிவந்திருந்தது.

மேற்கத்திய இசையில் நால்வர் வாசிக்கும் தந்திக்குழுவைப் பற்றி ஜெர்மன் கவிஞர் கோதே 1829இல் நண்பர் செல்டருக்கு ஒரு கடிதத்தில் எழுதினார்: அறிவுள்ள நான்கு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பது போல இருக்கிறது என்று. இசை உரையாடல் பற்றிப் பேசுகிற எல்லாரும் இதை எடுத்துக் காட்டி, அந்த நால்வரைப் பற்றியே பேசுவார்கள். எனக்குக் கண்ணில் படுவது ஐந்தாவது ஆளாகிய கோதே. ஒட்டுக்கேட்டவர் அவர்தானே.

சரி, இருவர் பேச்சை வெளியே நின்று கேட்கும் இந்த மூன்றாவது காது இல்லாவிட்டால் என்ன ஆகும்? சிலப்பதிகாரத்தின் கானல்வரி ஆகும். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைச் சரிபார்த்துக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். இவனுக்கு வேறு ஏதோ குறிப்பு இருக்கிறது என்று அவள் எண்ணுகிறாள். யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். இவள் மனம் வேறொருவன்மேல் என்று அவன் முடிவு கட்டுகிறான், எழுந்து போய்விடுகிறான். அந்தப் பாட்டுகளில் யார் பெயரும் இல்லை. பெயர் சொல்லாத யாரோ ஒரு தலைவன், யாரோ ஒரு தலைவி. வேலிக்கு வெளியே நின்று கேட்க வேண்டிய பாட்டை இரண்டு பேரும் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற வாய்ப்பு வாசிக்கிற எங்களுக்குத்தான், எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இதே காப்பியத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய அடிகளைப் பிடித்துக்கொண்டு யாழ் நூல் வரைக்கும் போனார். அது 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யாழின் சுருதிக் கணக்கை அவரிடம் படிக்கலாம். யாழை வைத்துக்கொண்டு எப்படிப் பேசக்கூடாது என்பதற்குக் கானல்வரி இருக்கிறது.

காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குப் போகும்போதெல்லாம் இந்த எண்ணம் வரும். அங்கே பாடும் கண்ணகி வழக்குரையில் அம்மனாகிய கண்ணகி பாண்டிய மன்னனோடு வாதாடுகிறாள். அவள் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து. உடைத்தால் தெரிந்துவிடும். மன்னன் செத்து எவ்வளவு காலம்! ஆனாலும் அம்மனின் வழக்கை அம்மனின் சந்நிதியிலேயே அவள் கேட்கப் பாடுகிறோம். கேட்டால்தான் குளிர்வாள் என்பது ஊர் நம்பிக்கை.

எங்கள் வலயத்தில் மிருதங்கம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. "அண்ணே, சனம் இருந்தால் கைதட்டலுக்கு வாசிப்போம். நானும் கடக்காரரும் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு ராத்திரி வாசித்த தனிதான் என் வாழ்க்கையிலேயே திறம். கேட்க ஒரு குருவி கூட இல்லை" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கைதட்டலைப் பார்த்து வாசித்துக் கெட்டுப்போன தனிகளுக்கு நானே தாளம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்குத் தாளம் போட்டது யார் என்று கேட்டேன். எட்டாம் ஆண்டு படிக்கும் மகளாம். அவள் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு மற்றக் கையால்தான் போட்டாள், அதைக் கேட்டதாக எடுக்க முடியாது என்கிறார். குறைப்பில் எங்கேயாவது தாளம் பிந்தியதா என்றேன். இல்லையாம். இதில் யார் வென்றது என்று இன்னும் முடிவாகவில்லை.